குழலில் பிழையில்லை

மூன்று கிழமையாக றெஜினோல்ட் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். தேநீர் குடிக்கும்போதும் சொன்னான், சப்பாத்து மாட்டும்போதும் சொன்னான்.

"குழல் தேய்ஞ்சிட்டுது, மக்டா."

கேட்கும்போதெல்லாம் மக்டலீனுக்குப் பற்கள் தாமாகக் கடிபட்டன. டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே ஒரு துப்பாக்கிப் பட்டறையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தவள் அவள்; பிறகு அங்கேயே தொழிலும் படித்தாள். இன்று வேட்டைக்காரர்கள் அவள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, குழல் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்பார்கள். வீட்டில் இருக்கும் புருசனுக்கு மட்டும் கேட்க எதுவும் இல்லை.

நவம்பர் வேட்டையில், அறுபது மீட்டரில் அசையாமல் நின்ற காட்டுப்பன்றியின் தாடையை அவன் உடைத்துவிட்டிருந்தான். நாயோடு தேடி, மறுநாள் மத்தியானம்தான் அதன் வேதனையை முடித்தார்கள். வேட்டைக்காக அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த வெபர், பட்டறையிலிருந்து கடிதம் கேட்டார். துப்பாக்கியில் பிழையென்றால் சரி. சுட்டவனில் பிழையென்றால் இனி அவனுக்கு அழைப்பில்லை.

"நீதானே எழுதுறனி. தேய்ஞ்சதெண்டு ஒரு வரி. ஆருக்கு நட்டம்?"

"எனக்கு."

"புருசனுக்காக ஒரு வரி எழுத ஏலாதோ?"

"புருசன்ரை எண்டால் குழல் தேயுமோ?"

சனிக்கிழமை அவனையும் துப்பாக்கியையும் பட்டறைக்குப் பின்னால் இருந்த சூட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனாள். மண்மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, நூறு மீட்டரில் நட்டிருந்த குறி அட்டைக்கு அவளே சுட்டாள். முதல் குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போனது.

"பாத்தியோ!" அவன் குரலில் அப்படியொரு சந்தோசம்.

அவள் இன்னும் நான்கு சுட்டாள். நான்கும் நடுவில் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய அளவுக்குள் விழுந்தன.

"தேய்ஞ்ச குழல் இப்பிடிச் சுடாது."

"பண்டி அஞ்சாவது வெடிக்கு நிக்குமோ? முதல் வெடிதானே கணக்கு."

அதுவும் உண்மை. அவன் சொன்னது உண்மையாக இருந்தது அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

மேசையில் வைத்துக் குழலுக்குள் விளக்குக் கம்பியை விட்டுப் பார்த்தாள். சுழன்று போகும் வரிகளின் விளிம்புகள் கூராகவே இருந்தன. தோட்டா இருக்கும் இடத்துக்கு முன்னால், நெருப்பு முதலில் தின்னும் பகுதியிலும், வெடிப்பு எதுவும் இல்லை. கழற்றி வைத்திருந்த, குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புப் பூட்டின் மூலைகளில்தான் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த மணம்.

"தேங்காயெண்ணெயோ பூசினனீங்கள்?"

"நீதானே கத்தினனி, துவக்கெண்ணெய் நாத்தம் வீடு முழுக்க எண்டு."

மக்டலீன் கதிரையில் இருந்துவிட்டாள். துப்பாக்கி வைக்கும் நிலவறையின் குளிரில், குழலுக்குள் பூசிய எண்ணெயும் மெழுகாக உறையும். முதல் குண்டு அதைத் தள்ளிக்கொண்டு எங்கேயோ போகும். அடுத்ததற்குக் குழல் சுத்தமாகியிருக்கும். கரிசனையோடுதான் செய்திருக்கிறான், அவளுக்காக. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. மனைவி முணுமுணுத்தது அவன் காதில் ஏறியிருக்கிறது. பத்து வருடமாகக் குழல்களோடு வாழ்கிறவளிடம் எதைப் பூசுவது என்று கேட்க ஒருதரம் வாய் வரவில்லை. முத்தமிடுவதா, பூட்டால் மண்டையில் ஒன்று போடுவதா?

கடிதத்தை எழுதி அவன் பக்கம் தள்ளினாள். குழல் நல்ல நிலையில் உள்ளது. உரிமையாளர் தேங்காயெண்ணெய் பூசி, துடைக்காமல் சுட்டதால் முதல் சூடு விலகியது.

அவன் இரண்டு தரம் வாசித்தான். "தேங்காயை எடுத்துவிடன். சாகுமட்டும் சிரிப்பாங்கள்."

யோசித்தாள். எண்ணெய் எந்த எண்ணெய் என்பது பன்றிக்கு ஒன்றுதான். புதிதாக எழுதினாள், தேங்காய் போனது, 'உரிமையாளர்' இருந்தது.

"வெபர் கூப்பிடாட்டி?"

"கூப்பிடாட்டிப் போகாதேங்கோ. அந்தப் பண்டி ஒரு நாள் முழுக்கத் தாடை இல்லாமல் திரிஞ்சது."

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "அப்ப எதாலை துடைக்கிறது?" என்றான்.

தடியையும் துணியையும் எடுத்தாள். "வேட்டைக்குப் போக முன்னம், பின்பக்கத்தாலை காய்ஞ்ச துணியை விட்டு…"

"வெபர் வேறை மாதிரியெல்லோ சொன்னவர்."

மக்டலீன் தடியை மேசையில் வைத்தாள்.

"அப்ப கடிதத்தைக் குடுக்கேக்கை அவரிட்டையே கேளுங்கோ," என்று சொல்லி, பட்டறைக் கதவைப் பூட்டத் திறப்பைத் தேடத் தொடங்கினாள்.