கெஸியாவின் மிஷினுக்கு ஓர் அச்சு

குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ரஞ்சனி, மேசைமேல் வைக்கிற அளவில் சின்ன லேத் ஒன்றை வாங்கி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்திருந்தாள். இரும்பு கடையப் பழக வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அவள் கணவன் விஜயன் அந்தப் பக்கமே வரமாட்டான். நாறுகிறது என்பான்.

நாறியது உண்மைதான். கடையும்போது ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீரை மழை மாதம் முழுக்க டப்பாவில் மூடி வைத்துவிட்டாள். திறந்தால் மேலே ஏடு கட்டி, அழுகிய முட்டை வாடை. கொட்டிக் கழுவிய பிறகும் இரண்டு நாள் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரி கெஸியாவின் பழைய மிஷினில் மிதிகட்டையைத் தாங்கும் அச்சு தேய்ந்திருந்தது. கடைகளில் கிடைக்கவில்லை. ரஞ்சனி கடைந்து பார்த்தாள். முதல் அச்சில் வரிவரியாகக் கீறல். வெட்டும் டூலின் முனை தாழ்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. இரண்டாவது ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் இளைத்தது. மூன்றாவதைக் கடையும்போது சூடான இரும்புச் சுருள் மணிக்கட்டைச் சுட்டது. கை பதறி, அளவு தப்பிப்போனது. நான்காவது சரியாக வந்தது. அவள் அலுவலகம் போயிருந்த நேரத்தில் விஜயன் அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கெஸியா கேக்கோடு வந்தாள்.

"சத்தமே இல்லாம ஓடுதுங்கண்ணா. எப்படிங்க செஞ்சீங்க?"

"அதெல்லாம் கைப்பழக்கமுங்க. ஒரே தடவையில வந்துருச்சு" என்றான் விஜயன்.

டீ கொண்டுவந்த ரஞ்சனியின் காதில் அது விழுந்தது. ஆனாலும் சிரித்த முகமாகவே தம்ளரை நீட்டினாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பை நினைத்துத் தன்மேலேயே அருவருத்தாள்.

அடுத்த வாரம் கெஸியா மறுபடி வந்தாள். "இன்னொரு பக்கத்து அச்சும் ஆடுதுங்கண்ணா."

"ஏனுங்க, இப்பவே கடைஞ்சு குடுத்துருங்க. கெஸியாவும் பாக்கட்டும்" என்றாள் ரஞ்சனி.

விஜயனால் தப்பிக்க முடியவில்லை. கொட்டகைக்குப் போய்க் கம்பியை லேத்தின் வாயில் செருகி, அதை இறுக்கும் சாவியால் முறுக்கினான். சாவியை எடுக்காமலேயே சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். ரஞ்சனி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னாச்சு?" என்றான் விஜயன்.

"சாவியை எடுக்கலீங்க. சுத்துனா பறந்து மூஞ்சியில அடிக்கும்."

கெஸியா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப அந்த அச்சு?"

"நான் கடைஞ்சது. மூணு வீணாப்போயி, நாலாவது."

"நீ செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? ஒரே ஊடுதானே?" என்றான் விஜயன்.

பொய்யைவிட அந்தச் சமாதானம்தான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

"தள்ளுங்க."

அவன் வெளியே போனான். கெஸியா அங்கேயே நின்று, அச்சு உருவாவதைக் கடைசிவரை பார்த்தாள். "எனக்கும் சொல்லித் தர்றீங்களாக்கா?" என்று கேட்டாள்.

விஜயன் பிறகு மன்னிப்புக் கேட்டான். ரஞ்சனியும் சரி என்றாள். அருவருப்பு மட்டும் போகவில்லை. விருந்தாளிகளிடம் அவன் உற்சாகமாக எதையாவது சொல்லத் தொடங்கினால், இப்போதெல்லாம் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.