ஜீரணச் செம்மலும் ராமாமணியின் வயிறும்

பல்லடம் சுற்றுவட்டாரப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், 1993ஆம் வருடம் ஆடி மாதம் முதல், தறிக்கூட முதலாளி வெள்ளியங்கிரி சாப்பிட்டதெல்லாம் அவர் மனைவி ராமாமணியின் வயிற்றில் போய் விழுந்தது. அதே வாரம் நூல் விலை ஏறிவிட்டதால் ஊர் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

வெள்ளியங்கிரி வயிற்று நலப் பேச்சாளரும்கூட. ஞாயிறுதோறும் ஏதாவதொரு கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, சோற்றை வாயிலேயே கூழாக்கி விழுங்குங்கள், கீரையும் கேழ்வரகும் விடாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், இரவில் அரை வயிறு போதும் என்று முழங்குவார். சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. முழக்கம் முடிந்ததும் அழைத்தவர் வீட்டில் விருந்து. அந்தச் சீமையில் இலையைக் கையால் மறைத்து "வேண்டாமுங்க" என்றால், மரியாதைக்குச் சொல்கிறார் என்று இன்னொரு கரண்டி விழும். மறுபடி வேண்டாம் என்றால் இரண்டு கரண்டி. நிஜமாகவே எழுந்துவிட்டால் அந்த வீட்டோடு ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே அவர் ஒப்புட்டுப் போளியும், நெய் மிதக்கும் அரிசிம்பருப்பு சாதமும், எண்ணெயில் பொரித்த கச்சாயமும் தின்றார். தின்று எழுந்தால் உடம்பு காகிதம்போல் லேசாக இருந்தது. எல்லாம் தன் முறையின் மகிமை என்று அடுத்த மேடையில் சொன்னார்.

வீட்டில் ராமாமணி, வெறும் வாயோடு தறி நூலின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிறு கல்லாகும். காங்கேயத்தில் இன்று மொச்சைக் குழம்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். மாலையில் வெள்ளியங்கிரி வந்து சொல்லும் பட்டியலும் அதுவாகவே இருக்கும்.

"ஏனுங்க, நீங்க திங்கறதெல்லாம் எனக்கு வருதுங்க. கொஞ்சம் கொறச்சுத் தின்னுங்க."

"நீ நல்லா மென்னு திங்கோணும் அம்மணி. ஊரெல்லாம் கேக்குது, ஊட்ல கேக்கறதுக்கு ஆளில்ல."

காந்திபுரத்து டாக்டர் ஒருவர் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்னார். காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலீங்க என்றார் ராமாமணி. டாக்டர் சற்று யோசித்து மருந்தை எழுதி, "சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்துருங்க" என்றார். கொடுத்தார், அவர் குடித்த மருந்து இவர் வயிற்றுவலிக்குக் கேட்டது. ஆனால் நாக்குக்கு அதில் மருந்து இல்லை. ஒரே ஒரு உருண்டை கேழ்வரகுக் களியைக் கீரைக் கடைசலில் தொட்டுத் தன் வாயால் தின்ன வேண்டும் என்று ராமாமணி ஏங்கினார். வயிற்றில் இடம் இருந்தால்தானே. வருடம் இரண்டில் அவர் பெருத்தார், வெள்ளியங்கிரி மூங்கிலாக நின்றார். மேடைக்கு மனைவியையும் அழைத்துப் போய், சொல்பேச்சுக் கேளாதவர்களின் கதி இதுதான் என்று விரல் நீட்டிக் காட்டலானார்.

தாராபுரம் மாதர் கூட்டத்தில் அந்த விரல் நீண்டபோது ராமாமணி எழுந்து மைக்கை வாங்கினார். "இவுரு தின்னு தின்னு நான் ஊதிப் போனேனுங்க. என் வாயில சோறு பட்டு எத்தன நாளாச்சுங்க. புண்ணியமாப் போகும், இனி இவுருக்குச் சோறு போடாதீங்க." கூட்டம் நம்பியது. பெண்களில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் நடத்திய பங்காரம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ கண்ணு, ஒண்ணுமே திங்கலியா நீ? வா வா, மொதல்ல எல போடறேன்." ஒற்றை இலை போடுவது மரியாதையில்லை என்பதால் பக்கத்தில் வெள்ளியங்கிரிக்கும் ஓர் இலை விழுந்தது.

"வேண்டாமுங்க" என்றார் ராமாமணி. ஒப்புட்டு விழுந்தது. "ஐயோ, நெசமாலுமே வேண்டாமுங்க." இரண்டு விழுந்தன.

அதன்பின் விருந்து வைப்பவர்கள் விவரம் தெரிந்தவர்களாக நடந்துகொண்டார்கள். முன்கூட்டியே ராமாமணிக்கு போன் போட்டு, காரம் ஒத்துக்குமா, கத்தரிக்காய் ஆகுமா என்று அன்போடு விசாரித்தார்கள். ஆகாததை விட்டுவிட்டு அதற்குப் பதில் இரண்டு வகை கூடுதலாகச் செய்தார்கள். 1998இல் வெள்ளியங்கிரிக்கு 'ஜீரணச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். ஊர்வலம், நாதஸ்வரம், வாழ்த்துரைகள், பிறகு இரவு விருந்து. ராமாமணி மத்தியானமே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.