அணைக்குக் கீழே ஓர் ஆள்

எங்கள் ஊர் மண் அணையை அபாயம் பார்த்து வகைப்படுத்த வேண்டியிருந்ததால் அதை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அலுவலகம் மாடியில் இருக்கிறது. அணை ஒவ்வொரு படியாக ஏறியது. தண்ணீர் சிந்தவில்லை.

உடன் வந்தவர் லஸ்கர் சொரிமுத்து. மதகைத் திறந்து மூடுவதும், கரையில் எலிவளை பார்ப்பதும் அவர் வேலை. ஒன்பது வருடமாக என்னோடு அவருக்குப் பேச்சில்லை. என் மாடு கரையை மிதித்துவிட்டது. வழியெல்லாம் அணையிடம்தான் பேசினார்.

“பைய ஏறு தாயி. பின்னால வாறவரு அவசரக் குடுக்கை.”

நடைவழி நீண்டுகொண்டே போனது. முடிவில் பொறியாளர் கனகவல்லி இருந்தார். அணையை உட்காரச் சொன்னார்.

“கரை நல்லாத்தான் இருக்கு. ஆனா அது என் கேள்வி இல்ல. உடைஞ்சா கீழ யாரு போவாங்க?”

“நாப்பத்திமூணு வீடு இருக்கு, மேடம்,” என்றேன்.

அவர் ஒரு தாளைக் காட்டினார். எங்கள் தெரு புறம்போக்கில் இருக்கிறது. கணக்கெடுக்க ஆள் வந்தபோது, வீட்டை இடிக்க வந்தவர் என்று பயந்து, ‘இங்கே எவரும் குடியிருக்கவில்லை’ என்று தெருவே எழுதிக் கொடுத்துவிட்டது. நாற்பத்திரண்டு கையெழுத்து. அன்றுமுதல் அவர்கள் இல்லை. துவைத்த துணிகள் மட்டும் தினமும் கொடியில் காய்கின்றன. நான் அன்று தபால் நிலையம் போயிருந்தேன். அதனால் இருக்கிறேன்.

“ஆளே இல்லாத இடத்துக்கு மேல அணை எதுக்கு? குறைந்த அபாயம். வெள்ளிக்கிழமை கரையை வெட்டிடுவோம்.”

அணை தலை குனிந்தது. தரையில் ஈரம் பரவியது.

“நான் இருக்கேனே, மேடம்.”

“இருந்தா போதாதுங்க. நீங்க போனா ஒருத்தருக்காவது இழப்பு வேணும். படிவம் ஏழு. குடும்பம்?”

“இல்ல.”

“யாருக்கோ கடிதம் போடுறீங்களாமே. பதில் வருதா?”

“இன்னும் வரல.”

அவர் முத்திரையை எடுத்தார். அது மெதுவாக இறங்கியது. அதற்கும் தாளுக்கும் நடுவில் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் சொரிமுத்து மூன்று முறை தொண்டையைக் கனைத்தார்.

“தாயி, ஒங்கிட்ட சொல்லுதேன். இந்த மனுசன் போயிட்டா காலையில நான் யாரை ஏச? கரையில நின்னு அந்த வீட்டைப் பாத்து நாலு வார்த்தை ஏசினாத்தான் எனக்கு டீ இறங்கும்.”

“எழுத்துல தருவீங்களா?” என்றார் பொறியாளர்.

“எழுத்து அவருக்குத்தான் வரும். எழுதச் சொல்லு தாயி.”

நான் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போட்டு, இன்னார் மறைந்தால் லஸ்கர் சொரிமுத்துவுக்குச் சிறிது இழப்பு ஏற்படும் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

சொரிமுத்து சுவரைப் பார்த்தார்.

“சிறிதை அடிச்சிட்டு ரொம்பன்னு போடச் சொல்லு தாயி.”

அடித்துத் திருத்தினேன். அவர் கையெழுத்திட்டார். பொறியாளர் வேறு முத்திரையை எடுத்தார். உயர் அபாயம். அணை எழுந்து நின்றது. அறை முழுக்கத் தவளைச் சத்தம்.

உயர் அபாயம் என்றால் தினசரி ஆய்வு உண்டு. அணைக்கு அல்ல. அது நன்றாக இருக்கிறது. கீழே இருப்பவருக்கு.

தினமும் ஆறு மணிக்குச் சொரிமுத்து என் கதவைத் தட்டுகிறார். முதுகில் விரிசல் பார்க்கிறார். ‘உள்ளார்’ என்று குறித்துக்கொள்கிறார்.

நேற்று எனக்குக் காய்ச்சல். கட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு மணல் மூட்டைகளை அடுக்கினார். இடுக்கு வழியாகக் கஞ்சியை நீட்டினார்.

“அசையப்படாது வே,” என்றார், என்னைப் பார்த்தே.

நான் அசையவில்லை.