சீயோன் ஆலயத்தின் ஆறாவது தூண்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விரல் இடைவெளியில் கிடைத்தது. கட்டடத்தைப் பார்க்க வந்த பொறியாளர் நெஸ்டா, எங்கள் சீயோன் ஆலயத்தில் ஏணி போட்டு ஏறி, பால்கனிக்கும் ஆறாவது தூணுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினாள்.

"இது எதையும் தாங்கலீங்க. சும்மா நிக்குது."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழ்த்தெரு எபெனேசர் ஆலயத்தில் ஆறு தூண். அவர்களோடு சண்டை போட்டுப் பிரிந்து வந்த எங்கள் முன்னோர் ஐந்தோடு விட்டுவிடுவார்களா? ஆறாவதாக ஒரு மரத்துக்குப் பளிங்கு போல வண்ணம் பூசி நட்டுவிட்டார்கள்.

(முதலில் எழுதியது: "சிலேட்டுக் குவாரித் தொழிலாளர்கள் தம் கைகளாலேயே எழுப்பிய இந்த..." அடித்துவிட்டேன். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

2

தூணை எடுத்துவிடலாம் என்றவர் எமிர். சபையின் மூப்பர், மனைவி போய் ஒன்பது வருடம். இடத்தை அடைக்கிறது என்று காரணம் சொன்னார். பொய்.

எங்கள் மூப்பர்கள் பிரசங்க பீடத்துக்குக் கீழே பெரிய இருக்கையில் உட்காருவார்கள். கடைசி ஞானப்பாட்டுக்கு எழுந்து, சபையைப் பார்த்துத் திரும்பி நின்று பாடுவார்கள். எமிர் திரும்பினால் எதிரே அந்தத் தூண். தூணுக்குப் பின்னால் டெக்வென், தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் குரல் வரும், முகம் வராது. தெருவில் பார்க்கலாமே என்பீர்கள். பாடுகிற முகம் வேறு.

[எமிர் மீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு கூச்சப்படுகிறவரை வைத்து எப்படிக் கதை நகர்த்துவது? அவர் பெயரில் ஒரு காதல் கடிதம் எழுதிப் பார்த்தேன். இரண்டாம் வரியில் வானிலை வந்துவிட்டது.]

3

சனிக்கிழமை, ஆலயம் துடைக்கும் நாள். நான் ஆர்கன் பழகிக்கொண்டிருந்தேன். அதாவது, ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் எமிர், அந்தத் தூண் உங்கள என்ன பண்ணுச்சு? நாப்பது வருஷமா அது பின்னாடிதான் மிட்டாய் சப்புறேன். அது போச்சுன்னா பிரசங்கம் முழுக்க முழிச்சிட்டு உக்காரணும்!"

"மறைக்குது, டெக்வென்."

"எதை?"

எமிர் துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"பாட்ட."

"பாட்டு காதுல கேக்குறதுங்க."

"அப்படித்தான் ஒன்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன்."

 டெக்வென் துடைத்த இருக்கையையே இன்னொரு முறை துடைத்தாள்.

4

(முடிவு ஒன்று: எமிர் ரம்பத்தோடு வந்து... வேண்டாம். அவருக்கு ஆணி அடிக்கவே வராது.)

நடந்தது இதுதான். ஞாயிறு, கடைசிப் பாட்டு. மூப்பர்கள் திரும்பினார்கள். ஆர்கனுக்கு மேலிருக்கும் கண்ணாடியில் எனக்குச் சபை முழுக்கத் தெரியும். இங்கே யாரும் இடம் மாற மாட்டார்கள். செத்தவர் இடம்கூட வருடக்கணக்கில் காலியாகவே கிடக்கும். டெக்வென் பாட்டுப் புத்தகத்தோடு ஒரு முழம் நகர்ந்தாள். தூணுக்குப் பக்கத்தில் முகம் வந்தது. கன்னத்தில் மிட்டாய்.

எமிருக்கு இரண்டாம் வரி மறந்துபோனது. எனக்கும் ஒரு கட்டை தப்பியது. அவ்வளவு சந்தோஷம்.

5

பாட்டு முடிந்ததும் போதகர் கேட்டார். "தூண எடுக்கணும்ங்கிறவங்க கை தூக்குங்க." ஐந்து கை. எமிர் கை சட்டைப் பையிலேயே இருந்தது. தூண் போய்விட்டால் அவள் அவருக்காக நகர வேண்டியிருக்காதே.

"இருக்கட்டும்ங்கிறவங்க?" ஐந்து கை. டெக்வென் தூக்கவில்லை. இனி அவருக்குப் பிடித்தபடி ஆகட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஐந்துக்கு ஐந்து. எல்லோரும் ஆர்கன் பக்கம், இன்னும் கை தூக்காத என்னிடம், திரும்பினார்கள். என் இரண்டு கையும் கட்டைகள் மேல் இருக்கின்றன. நீங்கள் தூக்குங்கள்.