கணுக்கால் வரை நாயக்

தண்ணீர் கணுக்கால் வரை ஏறி நின்றபோதுதான் நைனா நாயக் ஆகிவிட்டது எங்களுக்குத் தெரிந்தது. கடிதம் பத்து நாள் கழித்துதான் வந்தது. தபால்காரர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து, "கோதண்டம், உன் பதவி எறங்கிடுச்சி போல" என்று அப்பாவிடம், எங்கள் நைனாவிடம், கொடுத்துவிட்டுப் போனார். பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸில் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பதவி நாயக் என்று இருந்தது. நைனா அதற்கு ஒரு படி மேலே, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர்.

எங்கள் ஊரில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் தண்ணீர் தெருவுக்கு வரும். ஓய்வு பெற்ற பதவியைப் பார்த்துத்தான் நிற்கும். சிப்பாய் வீட்டில் முழங்கால். நாயக் வீட்டில் கணுக்கால். ஹவில்தார் வீட்டில் வாசப்படியோடு சரி. சுபேதார் வீடு என்றால் தெருமுனையிலேயே திரும்பிவிடும். பட்டாளத்துக்கே போகாதவர்கள் வீட்டில் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும்.

பதினோரு வருஷம் எங்கள் வாசப்படியில் வந்து நின்றது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. இந்த வருஷம் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது. கணுக்கால் என்றால் நைனாவின் கணுக்கால். அவர் கட்டிலில் கால் நீட்டினால் எது வரை ஏறுவது என்று தண்ணீருக்குக் குழப்பமாகிவிடும். அதனால் அவர் நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடுவதும் நின்றபடிதான்.

அக்கா நிரோஷா பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் நவம்பர் எட்டு என்று தேதி கொடுத்திருந்தார். அவள் மாமியார் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஈரத் தரையில என் பேரப்புள்ளயப் போட மாட்டேன். தரை காயலன்னா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா எங்க வூட்டுக்குக் கூட்டினு வந்துடுவேன்."

அக்கா பச்சை உடம்போடு அங்கே போக மாட்டேன் என்றாள். போன வருஷம் அந்த வீட்டில் ஏழாம் மாசத்தில் அரிசி மூட்டை நகர்த்தச் சொல்லி, ஒரு குழந்தை போய்விட்டது. ஆகவே நவம்பர் எட்டுக்குள் தரை காய வேண்டும். தரை காய நைனா மறுபடியும் ஹவில்தார் ஆக வேண்டும். நான் ப்ளஸ் ஒன்னோடு படிப்பை விட்டவள். வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான் என்று மனு வேலை என் தலையில் விழுந்தது.

டவுனில் முன்னாள் படைவீரர் ஆபீஸில் மனு வாங்குபவர் சுபேதார் தேவநேசன். எல்லாரும் சாப் என்பார்கள். கடிதத்தைப் பார்த்துவிட்டு, "ஹவில்தார் ஆனதுக்குப் பார்ட் டூ ஆர்டர் எங்க?" என்றார்.

பட்டாளத்தில் எது நடந்தாலும் பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டும். கல்யாணம், பிள்ளை, பதவி, காலில் அடிபட்டது எல்லாம். அதில் வராதது நடக்கவில்லை. நான் பிறந்தது நான்கு வருஷம் தாமதமாகத்தான் அதில் வந்தது. அதுவரை வீட்டில் எனக்கென்று தட்டு கிடையாது. அம்மா தன் தட்டிலிருந்து ஊட்டினாளாம்.

"அது மலை மேல சாப். பனி. எழுதுறவனுக்கு விரல் வெறச்சிப் போச்சி" என்றார் கூட வந்திருந்த நைனா.

"அப்ப நீ ஹவில்தார் ஆகல."

"ஆனேன் சாப். தோள்ல பட்டை தெச்சாங்க."

"தெச்சது டெய்லரு. ஆர்டர் போட்டது யாரு?"

நைனா தன் தோளைப் பார்த்தார். அது சாதாரணச் சட்டை.

"சரி, தண்ணி பதினோரு வருஷம் வாசப்படியில நின்னுதுல்ல? அதையே சாட்சியாக் கொண்டா. மூணு பிரதி. கெஜடட் ஆபீசர் கையெழுத்தோட" என்றார் சாப்.

வாசலில் மூன்று பாட்டில் மொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே கெஜடட் ஆபீசர் என் பழைய பள்ளிக்கூடத்து எச்.எம். போனேன்.

"படிக்க வரமாட்டேன்னுட்டு இப்ப பாட்டில தூக்கினு வர்றியா?"

"ஆமா சார்."

"இதோட ஒரிஜினல் எங்க?"

"ஏரியில இருக்கு சார்."

அவர் மாடி ஏறி ஏரியைப் பார்த்தார். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் ஏரியைப் பார்த்தார். பிறகு மூன்றிலும் 'அசலுடன் ஒப்பிட்டேன்' என்று எழுதி, முத்திரை வைத்து, "டிகிரி முடிச்சிருந்தா நீயே போட்டுக்கலாம்" என்றார். எப்படி என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் உட்கார வைத்துவிடுவார் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு நைனாவிடம் நேராகவே கேட்டேன்.

"நைனா, நெஜமாவே நீ ஹவில்தாரா?"

"தண்ணி நின்னுச்சேம்மா."

"அது இருக்கட்டும். நீ?"

"பட்டை தெச்ச அன்னிக்கு ஒரே பனி. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. கீழ எறங்கி வந்தா ரிட்டயர்மெண்ட் பேப்பர் ரெடியா இருக்கு. தெச்சது எனக்குத்தானா, பக்கத்துல நின்னவனுக்கான்னு எனக்கே ஒரு இது. ஐப்பசில தண்ணி வந்து வாசப்படில நின்னுது பாரு, அப்பதான் நம்பிக்கை வந்துச்சி."

ஹவில்தார் என்பதால் தண்ணீர் நின்றதா, தண்ணீர் நின்றதால் ஹவில்தாரா என்று யோசித்தேன். டவுன் வரும்வரை யோசித்தும் ஒன்றும் வரவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சாப் பாட்டில்களை வாங்கிக்கொண்டு ஒரு படிவம் கொடுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் 'எந்தத் தேதி முதல் ஹவில்தார்' என்று இருந்தது. நைனாவுக்குத் தேதி தெரியாது. அந்த மலையில் தேதியும் தெரியவில்லையாம்.

"காலியா வுட்டா திரும்பி வந்துடும். சீக்கிரம், சாப்பாட்டு நேரம்" என்றார் சாப்.

அந்த மாசம் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தேதி. நவம்பர் எட்டு என்று எழுதினேன். சாப் அதைப் பார்த்தார், முத்திரை குத்தினார், டிபன் பாக்ஸைத் திறந்தார்.

நவம்பர் எட்டு காலையில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதுவரை தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆட்டோவில் அழைத்து வந்தோம். பின்னாலேயே மாமியார் காரில் வந்தார். காரை அணைக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா குழந்தையோடு வாசப்படியில் கால் வைக்கப் பயந்து என்னைப் பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன். அவர் உள்ளே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா கால் வைத்தாள். அறையிலிருந்தும் சமையல்கட்டிலிருந்தும் தண்ணீர் வெளியே வந்து, எங்களை ஒதுங்கச் சொல்லாமல் ஓரமாகப் போய், வாசப்படிக்குக் கீழே நின்றது. மாமியார் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கிரைண்டருக்கு அடியிலும் கை விட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. காபி கேட்டார், குடித்தார், அதே காரில் போனார்.

நைனா அன்றைக்குத்தான் கட்டிலில் உட்கார்ந்தார். காலை நீட்டி, "வந்துச்சில்ல, வந்துச்சில்ல" என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். 'மனுவில் கண்ட தேதியில் மேற்படி குடும்பத்தில் சேர்ந்தவர் ஹவில்தார் எனத் திருத்தப்படுகிறார். நாயக் கோதண்டம் பதிவில் மாற்றம் இல்லை.'

நைனா வாங்கித் தானும் படித்தார். அப்புறம் பின்பக்கம் தோட்டத்துக்குப் போனார். தண்ணீர் சுவரைச் சுற்றி வந்து அவர் கணுக்காலில் நின்றது.

சாப் மாலையில் எங்கள் தெரு வழியாகப் போனார். அவர் வர வர, முன்னால் தண்ணீர் விலகியது. "ஒரு வரி மனு போதும் கோதண்டம். ஹவில்தார் பதவியைத் தாத்தாவுக்கு விட்டுத் தரேன்னு பாப்பா கைநாட்டு வைக்கணும். கட்டை விரலைப் புடிச்சி அமுக்கு, முடிஞ்சிது" என்றார்.

மனுவை நானே எழுதினேன். இந்த முறை தேதி கட்டம் இல்லை. மை டப்பா வாங்கி வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நைனாவிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

"மூணாம் மாசம் அக்கா புள்ளயத் தூக்கினு போயிடுவா. அடுத்த ஐப்பசிக்கு இன்னா பண்ணுவ?"

"பார்க்கலாம்."

"இன்னாத்தப் பார்க்குறது? நீ மறுபடியும் நின்னுகினே சோறு துன்னுவ. அமுக்கு நைனா, ஒரு நிமிஷ வேல."

அவர் மை டப்பாவைத் திறந்து பார்த்து, நல்ல மைதான் என்று மூடினார்.

காலை ஐந்தரைக்கு ஷேவ் பண்ணி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். மேலதிகாரியிடம் கேட்பது போலப் பாப்பாவிடம், காட்பாடி வரை ஒரு கல்யாணத்துக்குப் போய்வர இரண்டு நாள் லீவு வேண்டும் என்றார். பாப்பா கொட்டாவி விட்டு விரல்களை மடக்கிக்கொண்டாள். நைனா சரி என்று தலையசைத்துவிட்டு வெளியே போய், வாசப்படிக்குக் கீழே தண்ணீர் பரேடு போல மூன்று வரிசையாக நின்றதில் கடைசி வரிசையில் நின்றார். மனு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. தினமும் சொல்கிறேன், சாப்பும் சொல்கிறார். கைநாட்டு மட்டும் வாங்கவில்லை.