குங்குமத்துக்கு அடியில் ஒரு தேதி

பெண் பார்க்கக் கிளம்பியபோது காரின் பின் இருக்கையில் நானும் முருகனும் இருந்தோம். ஆயுத பூஜையன்று, லேமினேட் செய்த கார் இன்சூரன்ஸை முருகன் படத்தில் கட்டிப் பொட்டு வைத்திருந்தார் அம்மா. சாமிக்குச் சாத்தியதைக் கழற்றக்கூடாதாம். கர்நாடகத்துக்குள் போக இன்சூரன்ஸ் வேண்டும். ஆகவே படத்தோடு எடுத்து வந்தோம்.

அத்திப்பள்ளியில் போலீஸ்காரர் கை காட்டினார். அப்பா படத்தை நீட்டினார். போலீஸ்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு வாங்கினார்.

"டேட் எல்லி? எங்க இருக்கு?"

"குங்குமத்துக்கு அடியில சார்."

"தொடைங்க."

"பொண்ணு பாக்கப் போறப்ப குங்குமத்த அழிக்கறதா?" என்றார் அம்மா. "நீங்களே தொடைங்க சார்."

"நானா? எங்க மனையில மிசஸ் இருக்காங்கம்மா, அவங்க குங்குமம் நிக்கணும்."

"போன்ல காட்டுங்க" என்றார் அடுத்து. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். என்னுடையதை, பெண்ணைப் பார்க்காமல் அதையே பார்ப்பேன் என்று அம்மா ஓசூரிலேயே பூட்டி வைத்துவிட்டார். போலீஸ்காரரின் மெஷினில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று பெண்ணின் அப்பா ராஜசேகர் சொல்லியிருந்தார். இதற்கு முன் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. 'பையன் பேசவே மாட்டேங்கறானே' என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். எனக்கு மௌனம் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

என் அப்பா அவருக்கு போன் போட்டார். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சற்று நேரத்தில் கேசரித் தூக்குடனும் பஜ்ஜித் தட்டுடனும் குடும்பமே நடந்து வந்தது. பட்டுப்புடவையில் பெண், வினிதா. கையில் காபி ஃபிளாஸ்க்.

"இதான் பிரச்சினையா?" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் முந்தானையைப் பாட்டில் தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பில் குங்குமத்தைத் துடைத்தாள்.

"மார்ச் வரைக்கும் இருக்குது சார்."

அம்மா நெஞ்சில் கை வைத்தார். ராஜசேகர் கண்ணை மூடிக்கொண்டார். லாரிகள்கூடச் சத்தம் போடாமல் போவதுபோல் இருந்தது. நான் அறிந்த மௌனங்களிலேயே நீளமானது அதுதான்.

"எனக்குப் புடிச்சிருக்கு" என்றேன்.

"அதுக்குள்ளயா? இன்னும் காபியே குடுக்கல" என்றாள் வினிதா.

"சரி, ஹோகி, நீங்க போலாம்" என்றார் போலீஸ்காரர்.

யாரும் நகரவில்லை. அம்மா படத்தை வாங்கி, வினிதாவின் கையில் குங்குமச் சிமிழைத் திணித்தார்.

"அழிச்சவளே வெய்யி. தேதிய விட்டுட்டு வெய்யி."