மெயின் சுவிட்ச் எங்கே?

அப்பா பாகம் பிரித்தபோது வீடு அண்ணனுக்கு, கார் ஷெட் எனக்கு என்று எழுதினார். ஷெட் கைவிட்டுப் போனதை அண்ணனால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நான் நாற்காலி, மேசை செய்து பிழைக்கிறவள். ஷெட்டில் வேலை செய்ய மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டேன். கரண்ட் மட்டும் அண்ணன் வீட்டு மீட்டரிலிருந்துதான் வர வேண்டும். என் தலையெழுத்து.

எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே சுவரில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தேன். மெஷினுக்குத் தனி வயர், மேசைக்கு மேலே இரண்டு ப்ளக், கதவோரம் மெயின் சுவிட்ச். அண்ணன் செருப்பை இழுத்துக்கொண்டு வந்து, கதவோரத்துக் குறியை உள்ளங்கையால் அழித்தார்.

“மெயின் சுவிட்ச் என் ரூம்ல இருக்கட்டும்.”

“ஷெட்டு என்னோடது. சுவிட்ச் எதுக்கு உங்க ரூம்ல?”

“மத்தியானம் நான் தூங்கறப்ப நீ கர்ருபுர்ருன்னு ஓட்டுவ. அணைச்சிடுவேன். எழுந்ததும் போட்டு விடறேன்.”

எலக்ட்ரீஷியன் அண்ணனோடு சீட்டாடுகிறவர். “சார் சொல்றதும் நல்ல யோசனைதான்” என்று ஒத்து ஊதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது பழைய மெஷின். ஓடறப்ப கரண்ட் நின்னா, திரும்ப வந்ததும் தானா சுத்தும். நீங்க போடற நேரம் என் கை ப்ளேடுகிட்ட இருந்தா?”

அண்ணன் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

“அப்ப கைய வைக்காத.”

எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்து பைக்குள் எதையோ தேடினார். கூடப் பிறந்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

“வயரிங் வேணாம். நீங்க கிளம்புங்க” என்று எலக்ட்ரீஷியனை அனுப்பினேன். அண்ணன் ஜெயித்துவிட்ட மிதப்பில் சாப்பிடப் போனார். ஆசையாக வாங்கிய மெஷினைக் கோணியால் மூடினேன்.

அவர் படுக்கிற அறையின் ஜன்னல் ஷெட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. மேசையை அதன் கீழே இழுத்துப் போட்டு, இருப்பதிலேயே கெட்டியான கட்டையைக் கை ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தேன். மெஷின் நொடியில் முடிக்கிற வேலை, எனக்கு மத்தியானம் முழுக்க இழுக்கும். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. நான் நிறுத்தவில்லை.

ஜன்னல் படாரென்று திறந்தது.

“மனுஷன் தூங்க வேணாமா? நிறுத்துடி.”

“சுவிட்ச் உங்க ரூம்லதானே வேணும்னீங்க” என்றேன், ரம்பத்தை விடாமல். “தேடிப் பாருங்கண்ணே.”